பன்ஃபீலோவ் டிவிஷன்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப் போரில், 1941இல், ஜெர்மானியர்களிடமிருந்து மாஸ்கோவைக் காத்த சண்டையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, டாங்கிகளைத் தடுத்து நின்று இறந்ததாகச் சொல்லப்படும் பன்ஃபீலோவின் 28 வீரர்களைப் பற்றி யாராவது ஒருவர் கேட்பார். ஒருவர் அதைக் கண் கலங்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர், "அதெல்லாம் கட்டுக்கதைன்னு நிரூபிச்சாச்சே" என்பார். இரண்டு பேருமே 28 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அந்த டிவிஷனில் சுமார் 11,000 பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பல ஆண்டுகளாக என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

பன்ஃபீலோவ் டிவிஷன்னா என்னங்க? அது அதிகாரபூர்வமான பேரா, இல்ல மக்கள் வச்ச பேரா?

இரண்டும்தான். முதலில் அதன் பெயர் 316ஆவது காலாட்படை டிவிஷன். ஜெர்மனி படையெடுத்த சில வாரங்களில், 1941 ஜூலையில், கசாக் சோவியத் குடியரசின் தலைநகரான அல்மா அத்தாவில் (இன்றைய அல்மாத்தி) அதைத் திரட்டத் தொடங்கினார்கள். தளபதி மேஜர் ஜெனரல் இவான் வசீலியெவிச் பன்ஃபீலோவ். அதே ஆண்டு நவம்பர் 18இல் அது 8ஆவது காவலர் டிவிஷன் ஆயிற்று; 'காவலர்' என்பது சண்டையில் சிறந்து நின்ற படைகளுக்குக் கொடுத்த கௌரவப் பட்டம். நவம்பர் 23இல் இறந்துபோன தளபதியின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள்.

டிவிஷன், ரெஜிமென்ட், பட்டாலியன், கம்பெனி... எல்லாம் குழப்புது. எது பெருசு?

டிவிஷன்தான் பெரியது. 1941 ஜூலையில் வந்த புதிய கணக்குப்படி ஒரு சோவியத் காலாட்படை டிவிஷனில் 10,859 பேர் இருக்க வேண்டும். அதற்குள் மூன்று காலாட்படை ரெஜிமென்ட்கள், ஒரு பீரங்கி ரெஜிமென்ட். இந்த டிவிஷனில் அவற்றின் எண்கள் 1073, 1075, 1077, பீரங்கிக்கு 857.

ஒரு ரெஜிமென்டில் மூன்று பட்டாலியன், ஒரு பட்டாலியனில் மூன்று துப்பாக்கிக் கம்பெனி. கம்பெனிகளுக்கு ரெஜிமென்ட் முழுவதும் வரிசையாக எண் போடுவார்கள். அதனால் 4ஆவது கம்பெனி என்றால் இரண்டாவது பட்டாலியனின் முதல் கம்பெனி. 1075ஆவது ரெஜிமென்டின் 4ஆவது கம்பெனியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கசாக்ஸ்தான்ல திரட்டின படைன்னா எல்லாரும் கசாக்கியர்தானே?

இல்லை. கசாக்ஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் குடியிருந்த ரஷ்யர்களும் உக்ரைனியர்களும்தான் அதிகம். கசாக்கியர், கிர்கிஸ் இளைஞர்களும் நல்ல எண்ணிக்கையில் இருந்தார்கள். வயலிலிருந்தும் பள்ளிக்கூட வேலையிலிருந்தும் வந்தவர்கள் பலர். பெரும்பாலோருக்குச் சண்டை அனுபவமே கிடையாது.

கசாக்கியர்களில் இரண்டு பேரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவர் பவுர்ஜான் மொமிஷுலி, 1073ஆவது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் தளபதி. இன்னொருவர் மாலிக் கப்துல்லின், அரசியல் போதகர், அதாவது படைக்குள் கட்சியின் சார்பில் இருந்த அதிகாரி. கப்துல்லினுக்கு 1943இல் நாட்டின் மிக உயர்ந்த விருதான 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் கிடைத்தது. மொமிஷுலிக்கு அது அவர் இறந்த பிறகு, 1990 டிசம்பரில்தான் வந்தது. இவ்வளவு தாமதம் நியாயமே இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று கீழே படிக்கும்போது தெரியும்.

பன்ஃபீலோவ் பெரிய ஜெனரலா? முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தார்?

1893இல் சரத்தோவ் மாகாணத்தின் பெத்ரோவ்ஸ்க் ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜாரின் படையில் இருந்தார், உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற செம்படைத் தளபதி சப்பாயெவின் டிவிஷனில் சண்டையிட்டார். 1938 முதல் கிர்கிஸ் குடியரசின் ராணுவ ஆணையர். ஆள் எடுப்பது, பயிற்சிக்கு அனுப்புவது போன்ற வேலைகள் அந்தப் பதவியுடையவை. அதனால் தன்னிடம் வரும் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

சிப்பாய்கள் அவரை 'பாத்யா' என்று அழைத்தார்கள். நம் ஊரில் 'அப்பா', 'ஐயா' என்று வாஞ்சையோடு சொல்வது போல. அவருடைய மகள் வலெந்தீனாவும் அதே டிவிஷனில் மருத்துவப் பிரிவில் வேலை செய்தார்.

அல்மா அத்தாவிலிருந்து நேரா மாஸ்கோவுக்கு வந்தாங்களா?

இல்லை. 1941 ஆகஸ்டில் ரயிலேற்றி வடமேற்கே நோவ்கொரொத் பக்கம் அனுப்பினார்கள். அங்கே இரண்டாவது வரிசையில் குழி தோண்டிக்கொண்டு, பயிற்சி எடுத்துக்கொண்டு இருந்தார்கள். அந்த ஒரு மாதம் கிடைத்தது பெரிய பாக்கியம். அந்த ஆண்டில் பல புதிய டிவிஷன்கள் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு சண்டைக்குள் போய் அழிந்தன.

அக்டோபர் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் வியாஸ்மா அருகே பெரும் சோவியத் படைகளைச் சுற்றிவளைத்தார்கள். மாஸ்கோவுக்குப் போகும் சாலைகளில் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. உடனே இந்த டிவிஷனை அங்கிருந்து எடுத்து, மாஸ்கோவுக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வோலொகொலாம்ஸ்க் நகருக்குக் கொண்டுவந்தார்கள். பல டிவிஷன்கள் அடங்கிய, ஜெனரல் ரொகோசோவ்ஸ்கியின் 16ஆவது ராணுவத்தின் கீழ் சேர்ந்தார்கள்.

41 கிலோமீட்டரை ஒரே ஒரு டிவிஷன் காத்துச்சுன்னு சொல்றாங்களே, நடக்கிற காரியமா?

விதிப்புத்தகப்படி நடக்காது. தற்காப்பில் ஒரு டிவிஷனுக்கு 8 முதல் 12 கிலோமீட்டர்தான் கொடுக்க வேண்டும். இவர்களுக்குக் கிடைத்தது அதைப் போல மூன்று, நான்கு மடங்கு. வரிசையாக ஆட்களை நிறுத்தினால் மெல்லிய நூல் மாதிரிதான் இருக்கும், எங்கே தொட்டாலும் அறுந்துவிடும்.

அதனால் பன்ஃபீலோவ் நூல் இழுக்கவில்லை, முடிச்சுப் போட்டார். அக்டோபர் மழையில் வயலெல்லாம் சேறு. ஜெர்மன் டாங்கியும் லாரியும் சாலையை விட்டு இறங்க முடியாது. அப்படியானால் சாலைகளையும் சந்திப்புகளையும் பிடித்துக்கொண்டால் போதும். பீரங்கிகளைச் சாலை முனைகளில் குவித்தார், சிறு சிறு குழுக்களை முன்னால் அனுப்பினார். ஒரு குழு சாலையோரம் பதுங்கியிருந்து அடிக்கும், உடனே காட்டுக்குள் விலகும், குறுக்கே நடந்து அதே சாலையில் இன்னும் கிழக்கே போய் மறுபடி அடிக்கும். எதிரி ஒவ்வொரு முறையும் நின்று, படையை விரித்து, தாக்குதலுக்குத் தயாராக வேண்டியிருக்கும். அதற்குள் அரை நாள் போய்விடும். இதைப் 'பன்ஃபீலோவின் சுருக்கு' என்று பின்னாளில் சொன்னார்கள்.

இதை மிக நன்றாகச் செய்தவர் மொமிஷுலி. அவருடைய பட்டாலியன் பல முறை சுற்றிவளைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் அணி கலையாமல் வெளியே வந்தது. நவம்பர் நடுவில் டிவிஷன் பின்வாங்கிய பிறகும் மத்ரியோனினோ, கொரியூனி கிராமங்கள் பக்கம் நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டு நின்றார்கள். 28 பேர் கதைக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

சரி, காலாட்படைக்காரன் டாங்கியை எதை வச்சு அடிப்பான்? துப்பாக்கியாலயா?

முதல் வேலை பயத்தை எடுப்பது. பயிற்சியில் வீரர்களைக் குழிக்குள் உட்கார வைத்து மேலே டிராக்டரை ஓட்டினார்கள். வண்டி தலைக்கு மேல் போனாலும் ஆழமான குழியில் இருப்பவன் சாக மாட்டான் என்று உடம்புக்குப் புரிய வேண்டும். இது புரியாதவன் எழுந்து ஓடுவான், ஓடுபவனைத்தான் டாங்கியின் இயந்திரத் துப்பாக்கி சுடும்.

ஆயுதம் என்றால் கையெறி குண்டுகள், எரிபொருள் நிரப்பிய பாட்டில்கள், பிறகு டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி. இந்தத் துப்பாக்கி நவம்பர் நடுவில்தான் கைக்கு வந்தது, அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில். 1075ஆவது ரெஜிமென்டின் தளபதி கர்னல் கப்ரோவ் சொன்னபடி, இரண்டாவது பட்டாலியன் முழுவதற்கும் நான்குதான். உண்மையில் டாங்கிகளை நிறுத்தியது பெரும்பாலும் பீரங்கிதான்.

ஆனா வோலொகொலாம்ஸ்க்கை விட்டுட்டாங்களே! அப்ப தோல்விதானே?

அக்டோபர் 27இல் நகரம் விழுந்தது, உண்மை. ஆனால் சண்டை தொடங்கியது அக்டோபர் நடுவில். ஏறக்குறைய இரண்டு வாரம் கிடைத்தது. அந்த நேரத்தில் மாஸ்கோவுக்கு முன்னால் புதிய வரிசை எழுந்தது, புதிய படைகள் வந்து இறங்கின. ஊரைக் காப்பது நோக்கமாக இருந்தால் தோல்வி. நாட்களைச் சம்பாதிப்பதுதான் நோக்கம் என்பதால் நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

சைபீரியாவிலிருந்து வந்த படைதானே மாஸ்கோவைக் காப்பாத்துச்சு? இவங்களும் அதுதானா?

இவர்கள் அது இல்லை. தூரக் கிழக்கிலிருந்து வந்த 78ஆவது டிவிஷன் இஸ்த்ரா பக்கம், இதே 16ஆவது ராணுவத்தில், சண்டையிட்டது. அது பிறகு 9ஆவது காவலர் டிவிஷன் ஆனது. 1945இல் அதன் தளபதி யார் தெரியுமா? மொமிஷுலிதான்.

28 பேர் கதைன்னா என்ன? முழுசா சொல்லுங்க, நான் கேள்விப்பட்டதே இல்லை.

1941 நவம்பர் 16. வோலொகொலாம்ஸ்க்குக்குத் தென்கிழக்கே துபோசெகொவோ என்ற சிறிய ரயில் நிறுத்தம். பத்திரிகையில் வந்த கதைப்படி, அங்கே 28 வீரர்கள் 50க்கும் மேற்பட்ட டாங்கிகளை எதிர்த்தார்கள், 18 டாங்கிகளை அழித்தார்கள், கடைசி ஆள் வரை இறந்தார்கள். அரசியல் போதகர் வசீலி க்ளோச்கோவ், "ரஷ்யா பெரியது, ஆனால் பின்வாங்க இடமில்லை. பின்னால் மாஸ்கோ" என்று சொல்லிவிட்டு, குண்டுகளோடு டாங்கிக்கு அடியில் பாய்ந்தார்.

1942 ஜூலை 21இல் 28 பேருக்கும், இறந்தவர்கள் என்ற கணக்கில், சோவியத் யூனியனின் வீரர் பட்டம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள்.

உண்மையா, பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, மன்னியுங்கள். சண்டை நடந்தது. நாள் சரி, இடம் சரி. 28 பேர் என்பதும், பத்திரிகை சொன்ன விவரங்களும் புனைவு.

1948இல் சோவியத் ராணுவ வழக்கறிஞர்களிடம் கர்னல் கப்ரோவ் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. 28 பேர் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை, அது முழுக்கக் கற்பனை என்றார். அதோடு அவர் நிறுத்தவில்லை. அன்று இரண்டாவது பட்டாலியனும் அதில் இருந்த 4ஆவது கம்பெனியும் டாங்கிகளோடு மோதியதாகவும், வீரத்தோடு மோதியதாகவும் சொன்னார். கம்பெனியில் 120 முதல் 140 பேர் இருந்தார்கள். காலைத் தாக்குதலில் ஐந்தாறு டாங்கிகள் அழிந்தன, ஜெர்மானியர்கள் விலகினார்கள். மதியத்துக்குப் பிறகு கடும் பீரங்கி அடியோடு இன்னும் அதிக டாங்கிகள் வந்தன, ஒன்று கப்ரோவின் கட்டளையிடம் வரை வந்துவிட்டது. 4ஆவது கம்பெனியில் 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கம்பெனித் தளபதி குந்திலோவிச்சோடு 20, 25 பேர் மிஞ்சினார்கள்.

கப்ரோவின் அந்த வாக்குமூலத்தை நான் படித்தபோது உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். கட்டுக்கதை என்று சொல்பவர்கள் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பாதி முதல் பாதியைவிடக் கனமானது.

அப்ப 28ங்கிற எண் எங்கேருந்துதான் வந்துச்சு?

செந்தாரகை என்று பொருள்படும் 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா' ராணுவ நாளிதழிலிருந்து. நவம்பர் 27இல் நிருபர் கொரொத்தேயெவ் ஒரு செய்தி எழுதினார். அதில் ஒரு கம்பெனி முழுவதும் இறந்தது என்று இருந்தது, போதகரின் பெயர்கூட வேறு. மாஸ்கோவுக்குத் திரும்பியவரிடம் ஆசிரியர் ஓர்ட்டென்பெர்க், கம்பெனியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். முப்பது, நாற்பது இருக்கலாம் என்றார் இவர். இரண்டு பேர் துரோகம் செய்ததாகவும் சொன்னார். முப்பதில் இரண்டு போனால் இருபத்தெட்டு. இரண்டு துரோகிகள் அதிகம் என்று ஆசிரியருக்குப் பட்டதால் அச்சில் ஒருவர்தான் வந்தார், 28 மட்டும் அப்படியே நின்றது. நவம்பர் 28இல் அதே நாளிதழின் கிரிவீட்ஸ்கி எழுதிய தலையங்கம் இப்படித்தான் பிறந்தது.

பெயர்கள் பிறகுதான் வந்தன. கிரிவீட்ஸ்கி டிவிஷனுக்குப் போனபோது குந்திலோவிச் தன் நினைவிலிருந்து பெயர்களைச் சொன்னார். 1942 ஜனவரி 22இல் அந்தப் பட்டியல் அச்சாயிற்று. சாகும் தறுவாயில் சண்டையை விவரித்ததாகச் சொல்லப்பட்ட நத்தாரொவ், ஆவணப்படி நவம்பர் 14இலேயே, சண்டைக்கு இரண்டு நாள் முன்பே, இறந்திருந்தார். க்ளோச்கோவின் புகழ்பெற்ற வாசகத்தைத் தானே எழுதியதாக கிரிவீட்ஸ்கி விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

க்ளோச்கோவ் கற்பனை ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளோடு எடுத்த புகைப்படத்தின் பின்னால், மகளின் எதிர்காலத்துக்காகவும் போருக்குப் போகிறேன் என்று எழுதிவைத்துவிட்டு வந்த மனிதர் அவர். துபோசெகொவோவில்தான் இறந்தார்.

செத்ததா அறிவிச்சவங்க உயிரோட திரும்பி வந்தாங்களாமே?

ஆமாம், ஒருவர் இருவர் அல்ல. சிலர் காயத்தோடு தப்பியவர்கள், சிலர் சிறைப்பட்டு மீண்டவர்கள். இந்த விஷயத்தில் என் மனதை மிகவும் அறுப்பது தனீல் குஜெபெர்கெனோவ் என்ற கசாக்கிய வீரரின் கதை. முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 1942இல் அவர் உயிரோடு இருப்பது தெரிந்ததும் கைது செய்து விசாரித்தார்கள், பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்த இடத்தில் அஸ்கார் கொஜெபெர்கெனோவ் என்ற பெயர் சேர்ந்தது. அஸ்கார் டிவிஷனுக்கு வந்ததே 1942 ஜனவரியில், அதாவது சண்டை முடிந்து இரண்டு மாதம் கழித்து. வீரனாக இருக்க ஒருவர் செத்திருக்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டால் இப்படித்தான் ஆகும்.

இன்னொருவர் இவான் தொப்ரபாபின். சிறைப்பட்டுத் தப்பி, தன் உக்ரைனிய ஊருக்குப் போய், ஜெர்மன் ஆட்சியின் கீழ் போலீஸ் வேலை பார்த்தார். 1947இல் அவரைக் கைது செய்தபோது, 28 பேரில் ஒருவர் இவர் என்பது தெரியவந்தது. மேலே சொன்ன 1948 விசாரணை தொடங்கியதே அதனால்தான். அவருடைய பட்டத்தைப் பறித்தார்கள். 1955இல் விடுதலையானார், 1996இல் இறந்தார்.

1948லயே தெரிஞ்சிருந்தும் ஏன் வெளியே சொல்லலை?

ஆணை வெளிவந்துவிட்டது, பட்டம் கொடுத்தாயிற்று, நினைவுச்சின்னங்களும் தெருப் பெயர்களும் வந்துவிட்டன. அறிக்கையை மேலே அனுப்பி, கோப்பில் மூடினார்கள். 2015இல் ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் அதன் முழுப் பிரதியை வெளியிட்டது. காப்பக இயக்குநர் செர்கேய் மிரோனென்கோவைக் கலாச்சார அமைச்சர் வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு அவர் இயக்குநர் பொறுப்பில் இல்லை.

காவலர் டிவிஷன் பட்டமே இந்தப் பொய்க்கதையை நம்பித்தானே கொடுத்தாங்க?

தேதிகளைப் பாருங்கள். பட்டம் வந்தது நவம்பர் 18. முதல் செய்தி அச்சானது நவம்பர் 27. பட்டம் கொடுக்கும்போது '28 பேர்' என்று யாருமே கேள்விப்பட்டிருக்கவில்லை. வோலொகொலாம்ஸ்க்குக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மாதம் நின்றதற்குத்தான் பட்டம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். துபோசெகொவோ சண்டைக்காக அந்த நேரத்தில் கப்ரோவுக்கு யாரும் பாராட்டு சொல்லவில்லை. அந்த நாட்களில் ரெஜிமென்ட் 400 பேர் இறந்து, 600 பேர் காணாமல் போய், இருந்த இடத்தை இழந்திருந்தது. அவரையும் ரெஜிமென்டின் அரசியல் அதிகாரியான கமிசாரையும் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள், பிறகு திரும்ப அமர்த்தினார்கள்.

பன்ஃபீலோவ் எப்படி இறந்தார்?

காவலர் பட்டம் வந்த அதே நவம்பர் 18இல், குசெனெவோ கிராமத்தில். கட்டளையிடத்தின் அருகே மோர்ட்டார் குண்டு விழுந்து அதன் சில்லு பாய்ந்தது. மாஸ்கோவின் நொவொதேவிச்சி கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1942 ஏப்ரலில் வீரர் பட்டம் கிடைத்தது. டிவிஷனைத் திரட்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டால், அவர் அதை நடத்தியது நான்கு மாதம்தான்.

அப்புறம் டிவிஷன் என்ன ஆச்சு? பெர்லின் வரைக்கும் போச்சா?

பெர்லின் போகவில்லை. பன்ஃபீலோவ் இல்லாமலே பின்வாங்கி, டிசம்பர் தொடக்கத்தில் கிரூகவோ ரயில் நிலையத்தில் நின்றார்கள். அந்த இடம் இன்று மாஸ்கோ மாநகருக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவு நெருக்கம். ஊர் கை மாறி மாறிப் போய், டிசம்பர் 8இல் மீண்டும் இவர்கள் வசமாயிற்று. மாஸ்கோ எதிர்த்தாக்குதல் அதற்குச் சில நாள் முன்பு, டிசம்பர் 5இல், தொடங்கியிருந்தது.

1942 தொடக்கத்தில் வடமேற்கே ஹோல்ம் பக்கம் போனார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு சதுப்பு நிலத்தில் பெயர் வராத சண்டைகள். துபோசெகொவோவில் தப்பிய குந்திலோவிச் 1942 ஏப்ரலில் இறந்தார். 1944 ஜூலை 27இல் லாத்வியாவின் ரெசெக்னே நகரை மீட்டதில் இவர்களுக்கும் பங்கு. அந்த ஊரின் ரஷ்யப் பெயரான ரெஜித்சாவும் டிவிஷனின் பெயரில் சேர்ந்தது. போர் முடிந்தபோது அதே லாத்வியாவில், அதன் மேற்குப் பகுதியான கூர்லாந்தில் அடைபட்ட ஜெர்மன் படையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

துபோசெகொவோவுக்குப் போனா பார்க்க என்ன இருக்கு?

1975இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது: வயல்வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் ஆறு வீரர் சிலைகள். அல்மா அத்தாவில் 28 காவலர்கள் பெயரில் ஒரு பூங்கா உண்டு.

பக்கத்தில் நெலீதொவோ கிராமத்தின் ஓரத்தில் ஒரு பொதுக் கல்லறையும் இருக்கிறது. 1942 பிப்ரவரியில் கிராமத்தார் சண்டை நடந்த இடத்திலிருந்து மூன்று உடல்களை எடுத்து அங்கே புதைத்தார்கள். மார்ச்சில் பனி உருகியபோது இன்னும் மூன்று கிடைத்தன. அதில் ஒன்று க்ளோச்கோவ். 1948 விசாரணையில் பதிவான கணக்குப்படி அந்தக் குழியில் இருப்பவர்கள் ஆறு பேர்.